எனக்கு வந்ததாகச் சொன்ன பயம்

எங்கள் பக்கம் பயத்துக்குச் சொல்லா பஞ்சம்? ஈரக்குலை நடுங்கும், அடிவயிறு கலங்கும். இது போதாதென்று சித்தி கல்லூரியிலிருந்து வேறு சொற்களைக் கொண்டுவந்தாள். அம்மாவின் தங்கையான அவள் எங்கள் முத்தையாபுரம் வீட்டில் தங்கி உளவியல் படித்தாள். அன்றன்றைக்குப் படித்த சொல்லை அன்றைக்கே யார் மேலாவது ஒட்டிப் பார்த்தாக வேண்டும் அவளுக்கு.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். ஒருநாள் அவர் சுமை தூக்கிக்கொண்டிருந்தபோதே கிரேனின் இரும்புக் கயிறான வயர் ரோப் அறுந்து மரத்தடிகள் சரிந்தன. கீழே நின்றவர்கள் பிழைத்தது அவரவர் செய்த புண்ணியம். மறுநாளிலிருந்து அப்பாவுக்கு இடுப்பு வலி. வேலைக்குப் போகவில்லை. தெருக்குழாயிலிருந்து தண்ணீர்க் குடங்களை மட்டும் அவர்தான் தூக்கிவந்தார்.

"அத்தான், இதுக்குப் பேரு டினையல். உள்ளத இல்லன்னு நமக்கு நாமே சாதிக்கது" என்றாள் சித்தி.

"பரீட்சைன்னா உனக்கு வயித்தால போவுதே, அதுக்கு என்னளா பேரு?"

"ஆங்ஸைட்டி. இன்னும் நடக்காததுக்கு இப்பவே பயப்படுதது. நான்தான் ஒத்துக்கிடுதேன்லா!"

அப்பா சிரிக்கவில்லை. எனக்கோ ஒன்றும் விளங்கவில்லை. இடுப்பு வலிக்கு எதற்கு இத்தனை பெயர்? தைலம் தேய்த்தால் போகாதா?

அந்த வாரக் கடைசியில் சூப்பர்வைசர் போன் செய்தார். திங்கட்கிழமை வராவிட்டால் கிரேனில் வேறு ஆளை ஏற்றிவிடுவார்களாம். கேட்டுக்கொண்டிருந்த அம்மா நேரே வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"பிள்ள பயந்திருக்கா. பள்ளிவாசல்ல ஓதிட்டு வருவோம். நீங்க தூக்கிட்டு வாங்க."

"எனக்கு ஒண்ணுமில்லம்மா."

"பாத்தியளா, பயத்துல என்ன பேசுதோம்னே அவளுக்குத் தெரியல."

"அக்கா, இதுதான் ப்ரொஜெக்ஷன். ஒருத்தரு மனசுல கிடக்கத அடுத்த ஆளு மேல..." என்று தொடங்கிய சித்தியின் தொடையில் அம்மா ஒரு கிள்ளு கிள்ளினாள்.

எந்தச் சாமி கும்பிடுகிற வீடானாலும், பயந்த பிள்ளையை அந்தி நேரத்தில் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோவது எங்கள் ஊர் வழக்கம். தொழுதுவிட்டு வருகிறவர்கள் ஓதி, முகத்தில் ஊதிவிட்டுப் போவார்கள். கைக்குழந்தைகளின் வரிசையில், கால் தரையைத் தொடாத குறையாகத் தொங்கியபடி, அப்பா இடுப்பில் நான். என்னைவிட அவர் கைதான் அதிகம் வியர்த்திருந்தது.

"அப்பா கன்னத்தோட கன்னத்த ஒட்டி வையி" என்றாள் அம்மா.

ஒரு பெரியவர் என்னைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். இரண்டு முகத்துக்கும் சேர்த்து நீளமாக ஊதினார். அம்மா நீட்டிய சொம்புத் தண்ணீரிலும் ஊதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஒரே ஒரு மடக்குதான். "மிச்சத்தக் கீழ ஊத்தக் கூடாது. நீங்க குடிச்சிருங்க" என்று அம்மா சொம்பை அப்பாவிடம் நீட்டினாள். அவர் அம்மாவை ஒருதரம் ஏறிட்டுப் பார்த்துவிட்டுச் சொம்பை வாங்கி, கடைசிச் சொட்டுவரை குடித்தார். என் பயத்துக்கு வாங்கிய தண்ணீரை அவர் குடித்துவிட்டாரே என்று நான் அழுதேன்.

திங்கட்கிழமை காலையில் அப்பா காக்கிச்சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார். வாசலில் நின்ற அம்மா, பஸ் போன திசையைப் பார்த்தபடியே என் தலையைத் தடவினாள்.

"பயம் போயிட்டுல்லா?"

எது வந்தது, எது போனது என்று தெரியாமலே, "போயிட்டும்மா" என்றேன்.