விழுந்தாலும் வெடிக்காது என்றார்கள்

ஆயுத பூஜை நாள், காலை. இடம்: சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீடு. வீட்டில் இருந்தவர்கள் இருவர்: ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியான அடியேன், என் மனைவி வைதேகி. உரிமம் பெற்று நான் வைத்திருந்த ரிவால்வரைப் பூஜையில் வைப்பதற்காக அவள் அலமாரியிலிருந்து எடுத்தாள். நான் கூடத்தில் இருந்தேன். வெடிச் சத்தம் கேட்டு உள்ளே ஓடினேன். ரிவால்வர் தரையில் கிடந்தது. குண்டு அவள் மார்பில் பாய்ந்திருந்தது. "கை தவறி விழுந்துடுத்து" என்றாள். மருத்துவமனைக்குப் போகும் வழியில் உயிர் பிரிந்தது.

இதுவரை சொன்னது காவல் நிலையத்தில் நான் எழுதிக் கொடுத்த வாக்குமூலம். அதை யாரும் நம்பவில்லை.

அன்று காலை எங்கள் வீட்டில் உரத்த பேச்சு கேட்டதாக அடுத்த வீட்டார் கூறினார்கள். அது உண்மைதான்.

"துப்பாக்கிக்கு எதுக்குச் சந்தனப் பொட்டு? என் பேனாவை வை, போதும்" என்றேன்.

"அந்தப் பேனா மட்டும் என்ன சாதுவா? எத்தனை பேரை ஜெயிலுக்கு அனுப்பித்து! அதுக்கு வெச்சா இதுக்கும் வெக்கணும்" என்றாள் வைதேகி.

இருவரும் சிரித்தோம். அடுத்த வீட்டுக்குச் சிரிப்பு கேட்கவில்லை. குரல் மட்டும் கேட்டிருக்கிறது.

பணிக்காலத்தில் வந்த மிரட்டல்களால் வாங்கிய ஆயுதம் அது. குண்டு நிரப்பியே வைக்கலாம், விழுந்தாலும் வெடிக்காது என்று தயாரித்த நிறுவனம் உறுதி கூறியிருந்தது. நான் நம்பினேன். காவல்துறை விசாரித்தபோதும் நிறுவனத்தார் அதையே சொன்னார்கள்: யாராவது விசையை அழுத்தாமல் இது வெடிக்க வழியே இல்லை. அந்த ஒரு சொல் என்னைக் கொலையாளி ஆக்கியது.

வெளியூரிலிருந்து வந்த என் ஒரே மகன் முகுந்தன், தாய்க்குச் செய்ய வேண்டியவற்றைக் குறைவின்றிச் செய்தான். அஸ்தி சேகரித்துத் திரும்பிய அன்று கேட்டான்: "அப்பா, அன்னிக்கு உங்களுக்கும் அம்மாவுக்கும் என்ன சண்டை?"

நான் வாழ்நாளெல்லாம் பிறர் சொல்லை எடைபோட்டவன். என் சொல்லுக்கு என் வீட்டிலேயே எடை இல்லை.

அந்த வாரமே பெருமாள் எங்கள் வீதியில் எழுந்தருளினார். தீட்டு, வாசலுக்கு வரக் கூடாது. சாத்திய கதவின் பின்னால் நின்று கைகூப்பினேன். விடுதலை கேட்கவில்லை. வைதேகியைத் திருப்பிக் கேட்க இயலாது. என் பிள்ளை என்னை நம்ப வேண்டும் என்று மட்டும் கேட்டேன். நாதஸ்வர ஓசை எங்கள் வாசலைக் கடந்து தேய்ந்தது. அவரும் கைவிட்டார் என்றே எண்ணினேன்.

தை மாதம். உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பு வந்ததால், உரிமம் பெற்றவர்கள் தம் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துக்கொண்டிருந்தார்கள். விசாரணைக்காக முகுந்தன் என்னை அங்கே அழைத்து வந்திருந்தான். எங்களுக்கு முன்னால் ஐயம்பேட்டைப் பட்டு வியாபாரி ஒருவர். அவர் கையில் இருந்ததும் அதே நிறுவனத்தின் அதே வகை ரிவால்வர்.

"ஏட்டய்யா, அத மெதுவா வைங்க. வுழுந்தா வெடிக்கும்."

"குண்ட கழட்டிட்டுத்தானே எடுத்துக்கினு வந்த? இது துப்பாக்கியா, கைக்கொழந்தையாப்பா?"

"கழட்டிட்டேங்க. ஆனா இத நம்பறதுக்கில்ல. போன வருசம் பீரோலேருந்து வுழுந்து வெடிச்சிச்சி. செவுத்துல ஓட்ட இன்னும் இருக்குது. கம்பனிக்காரன், தயாரிப்புல கோளாறு, வேற தரோம், வெளிய சொல்லிக்கினு திரியாதீங்கன்னு மாத்திக் குடுத்தான். இதுவும் அப்டியே இருந்தா?"

முகுந்தன் எழுந்து அவரிடம் போனான். "இன்னொரு தடவை சொல்லுங்கோ" என்றான். அவர் சொன்னார். எங்கள் வீட்டில் நடந்ததை அறிந்ததும் தலை குனிந்தார். "எனக்கு மட்டுந்தான்னு நெனச்சேங்க. லைசென்ஸ் பூடும்னு வாய மூடிக்கினேன்."

அதன் பிறகே என் ரிவால்வரைப் பிரித்துச் சோதித்தார்கள். தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் சுத்தியலுக்கும் தோட்டாவுக்கும் நடுவே தடுப்பாக நிற்க வேண்டிய சிறு எஃகுத் துண்டு, தொழிற்சாலையிலேயே அளவு குறைவாகச் செய்யப்பட்டிருந்தது. என் மீதான சந்தேகம் நீங்கியது. முகுந்தன் என் காலில் விழுந்தான்.

கேட்டதைப் பெருமாள் கொடுத்தார். அதை இங்கே நன்றியுடன் பதிவு செய்கிறேன். அந்த நிறுவனத்துக்குப் பிழை முன்பே தெரியும். சொல்லியிருந்தால் வைதேகி இருப்பாள். அதையும் பதிவு செய்கிறேன். உரிமத்தை ஒப்படைத்துவிட்டேன்; இனி ஆயுதம் எதுவும் வேண்டாம். என்னைப் போல் சொல் இழந்து நிற்கும் அன்பர்களே, கதவு சாத்தியிருந்தாலும் அதன் பின்னால் நின்று கேளுங்கள். அவருக்குக் கேட்கிறது.

செய்யாமல் மீதமிருப்பவை:

நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர வேண்டும்.

அதே வகை ரிவால்வர் வைத்திருப்பவர்களைத் தேடி எச்சரிக்க வேண்டும். ஐயம்பேட்டைக்காரர் துணைக்கு வருகிறார்.

மகனை மன்னிக்க வேண்டும். மன்னித்துவிட்டேன் என்றே அவன் எண்ணிக்கொண்டிருக்கிறான்.