எங்கள் அம்மா இல்லத்தரசி அல்லர்

எங்கள் அம்மா மறைந்த அன்று ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்தில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் அவரை ‘இல்லத்தரசி’ என்று அச்சிட்டிருந்தார்கள். அச்சிடக் கொடுத்தவர்கள் நம் சொந்தக்காரர்கள்தான். முதலாம் ஆண்டு நினைவு ஜெபத்துக்காக உங்கள் கைக்கு வரும் இந்த மலரிலாவது அந்தத் தவற்றைத் திருத்த வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். அம்மா இருபத்தொன்பது ஆண்டுகள் எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். அது என்ன வேலை என்பதை அவருடைய ஒரே மகளான நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

அம்மா கிளியூரில் பிறந்தார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அப்பாவை மணந்து தலைச்சோலைப் பக்கத்து எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டுக்கு வந்தவர், மூன்று ஆண்டுகள் காப்பிப் பழம் பறித்தார். பிறகு அந்த எஸ்டேட்டின் குழந்தைகள் காப்பகத்தில் ஆயாவாகச் சேர்ந்தார். பழம் பறிக்கப் போகும் தாய்மார்கள் காலையில் விட்டுச் செல்லும் பிள்ளைகளை மாலைவரை பார்த்துக்கொள்ள வேண்டும். “சும்மா புள்ளைங்களோட உக்காந்திருக்கற வேலைதானுங்களே” என்று சொல்லாதவர் நம் உறவில் ஒருவரும் இல்லை. சும்மாவா? இருபது பிள்ளைகளோடு ஒரே ஒரு முற்பகல் உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

ஏழெட்டு மாதக் குழந்தை புது முகத்தைப் பார்த்து வீறிட்டால் அது அடம் இல்லை, தன் ஆள் யார் என்று அதற்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது என்பார் அம்மா. இரண்டு வயதில் ‘என்னுது’ என்று பொம்மையைப் பிடுங்கும் பிள்ளையை யாரும் திட்டக் கூடாது. தன்னுடையது எது என்று தெரிந்த பிறகுதானே பிறருக்குக் கொடுக்க வரும்? நான்கு வயதுப் பிள்ளைகளில் ஒன்று கூலிக் கணக்கெழுதும் ரைட்டராகவும் மற்றவை பழம் பறிக்கும் பெண்களாகவும் விளையாடிச் சண்டை போடுவார்கள். அம்மா குறுக்கே போக மாட்டார். அடி விழும் என்று தெரிந்தால் மட்டும் எழுந்திருப்பார். ஒருமுறை மேனேஜரின் மனைவி வந்து, பிள்ளைகளைச் சுவரோரமாக வரிசையில் உட்கார வையுங்கள் என்றார். “வரிசையா உக்காந்தா ஒண்ணோட மொகத்த ஒண்ணு எப்புடிங்கம்மா பாக்கும்?” என்று அம்மா திருப்பிக் கேட்டார். அதற்காக அந்த மாதம் முழுக்க அவருக்கு ஏச்சு விழுந்தது. ஆனாலும் பிள்ளைகள் வட்டமாகத்தான் உட்கார்ந்தார்கள்.

இனி என் கதை. நான் வீட்டுக்குள் வாய் ஓயாமல் பேசுவேன். வாசலைத் தாண்டினால் ஒரு சொல் வராது. பள்ளியில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியும் டீச்சர் என் குரலைக் கேட்டதில்லை. கல்யாண வீடுகளில் என்னை நடுவே நிறுத்தி, மிட்டாயைக் காட்டி, “பேரு சொல்லு கண்ணு, பேரு சொன்னாத்தான் தருவேன்” என்பார்கள். சுற்றி நின்று சிரிப்பார்கள். ‘ஊமைப் பிள்ளை’ என்று என் காதுபடவே பேசுவார்கள். வசம்பைச் சுட்டு உரசி என் நாக்கில் தடவாத அத்தை இல்லை. அந்தக் காரமும் கசப்பும் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அன்று வந்த கோபமும்தான்.

எனக்கு ஆறு வயதானபோது, அப்பாவின் அண்ணனான பெரியப்பா, காது கேளாத பிள்ளைகளுக்கான சேலத்து விடுதி ஒன்றில் எனக்கு இடம் பேசிவிட்டு வந்தார். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னைக் கூட்டிப்போகப் பெட்டியோடு வந்து நின்றார்.

“ஏனுங்க மாமா, எம்புள்ளைக்குக் காது நல்லாக் கேக்குதுங்க. ஆளாளுக்கு அவ வாயவே பாத்துட்டு நின்னா எப்புடிங்க பேசுவா?”

“ஒனக்கென்னம்மா தெரியும்? ஆயா வேல பாக்கறவ, டாக்டராட்டம் பேசாத.”

அப்பா தலைகுனிந்து நின்றார். அம்மா கெஞ்சித்தான் தவணை வாங்கினார். “இந்தப் பறிப்பு முடியற வரைக்கும் உடுங்க மாமா. அதுக்குள்ள பேசுலீன்னா நானே பஸ் ஏத்தி உடறேனுங்க.” பறிப்பு முடிய மூன்று மாதங்கூட இல்லை. அந்த மூன்று மாதமும் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை என்று அப்பா பிறகு சொல்லியிருக்கிறார்.

பள்ளி விட்டதும் நான் காப்பகத்துக்குத்தான் போவேன். ஒருநாள் பால் காய்ச்சிக்கொண்டு திரும்பிய அம்மா, உள்ளே என் குரல் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். எட்டு மாதக் குழந்தை ஸ்டெல்லாவைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு, “அழுவாத சாமி, உங்கம்மா இப்ப வந்துருவா” என்று சொல்லிக்கொண்டிருந்தேனாம். வேறொருவர் என்றால் ஓடிவந்து கட்டிப்பிடித்து ஊரைக் கூட்டியிருப்பார்கள். அம்மா உள்ளே வரவில்லை. பால் ஆறி ஆடை கட்டும்வரை வாசலிலேயே நின்றார். அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் முதல் ஸ்டெல்லா என் பொறுப்பானாள். சில நாள் கழித்து ஒன்றரை வயதுப் பிள்ளை ஒன்றும் எங்களோடு உட்கார்ந்தது. பிறகு மூன்று வயது, பிறகு நான்கு. நான் பேசுகிறேன் என்பதை யாரும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று அம்மா தன்னோடு வேலை பார்த்த இன்னோர் ஆயாவிடம் சொல்லிவைத்திருந்தார். பறிப்பு முடிய ஒரு வாரம் இருக்கையில், பள்ளியில் பக்கத்துப் பெண்ணிடம் “பென்சில் குடு” என்று கேட்டேன். டீச்சர் அதைச் சொல்ல எங்கள் லைன் வரை நடந்து வந்தார். அம்மா அப்போதுதான் அழுதார்.

பெரியப்பா என்ன சொன்னார் தெரியுமா? “வசம்பு வேலை செஞ்சிருச்சு பாத்தியா.” இன்றுவரை ஒவ்வொரு விசேஷத்திலும் அதையேதான் சொல்கிறார். பெரியப்பா, இந்த மலர் உங்களுக்கும் வரும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

கூத்து அதோடு முடியவில்லை. பதின்மூன்று வயதில் நான் தோழிகளோடு ஒண்டிக்கடையில் பஸ்ஸுக்கு நின்று சிரித்துப் பேசுவேன். வீட்டுக்கு வந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். என்னை ஊமை என்ற அதே வாய்கள் இப்போது ‘வாயாடி’ என்றன. பெண்பிள்ளையை அடக்கி வையுங்கள் என்றன. “அந்த வயசுல கூட்டாளிதான் ஒலகம். நம்மகிட்டத் திரும்பி வருவா, வழிய மட்டும் மறிச்சுறாதீங்க” என்றார் அம்மா. திரும்பித்தான் வந்தேன்.

சென்ற ஆண்டு பக்கவாதத்தில் அம்மாவின் பேச்சு போயிற்று. ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக வந்த உறவினர்கள் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு, “நான் யாருன்னு தெரியுதா? பேரு சொல்லு பாக்கலாம்” என்று கத்தினார்கள். ஒருவர் போய் ஒருவர் வந்தார்கள். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் எல்லாரையும் வெளியே போகச் சொன்னேன். மரியாதை தெரியாதவள் என்றார்கள். அதற்காக நான் இன்றும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அம்மா கடைசிவரை பேசவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். லைன் வீட்டுப் பெண்கள் வேலை முடிந்து தினமும் வந்து, அம்மாவின் கட்டிலோரம் பீன்ஸ் உரித்தபடி தங்களுக்குள் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அம்மாவிடம் எதுவும் கேட்க மாட்டார்கள். அம்மாவின் முகம் அப்போதுதான் தெளியும். அவர்களில் ஸ்டெல்லாவும் ஒருத்தி. அவளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். அம்மாவைக் கடைசியாகக் குளிப்பாட்டியதும் அவர்கள்தான். அவர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

மற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் ஜெபத்துக்கு வரும்போது என் அண்ணனின் இரண்டரை வயது மகள் கதவுக்குப் பின்னால் நிற்பாள். அவளை இழுத்து நடுவில் நிறுத்தாதீர்கள். பேசாமல் போய் உட்காருங்கள். அவளுக்குத் தோன்றும்போது அவளே வந்து, நீங்கள் யார் என்று கேட்பாள். என்ன பதில் சொல்வீர்கள் என்று யோசித்துக்கொண்டு வாருங்கள்.