போர்டுக்கு வைத்த பொட்டு

1. உறை

கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டுப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் தலைமையாசிரியையாக இருந்தபோது எங்களுக்கு ஒரு ஸ்மார்ட் போர்டு வந்தது. ஜீப்பில் அதைப் பிடித்துக்கொண்டு வந்த இன்ஜினியர் தம்பிக்குக் கொண்டை ஊசி வளைவுகளிலேயே பாதி உயிர் போயிருந்தது. சுவரில் மாட்டினார். "விரலால தொட்டாப் போதும் மேடம், அதுவே எழுதும்" என்றார். பனி இறங்குவதற்குள் மலையை விட்டு இறங்கிவிட்டார். எங்களுக்கு நடந்த பயிற்சி அவ்வளவுதான்.

சில நாட்களில் போர்டுக்கு ஓர் உறை தைத்தாகிவிட்டது. செம்மேட்டில் டெய்லரிடம் அளவு சொல்லித் தைத்து வந்தவர் கணக்கு ஆசிரியர் சண்முகம் சார். நல்ல ஆசிரியர். கையில் சாக்பீஸ் இருந்தால் சுவருக்கும் பின்னம் புரியவைப்பார். ஆனால் அரசாங்கப் பொருள் என்றால் அவருக்கு வேர்த்துவிடும். முன்பு வேலை பார்த்த பள்ளியில் டி.வி. பழுதானதற்கு மெமோ வாங்கியவர்.

"ஒடஞ்சா யாருங்க பதில் சொல்றது? உறைக்குள்ள இருந்தா அது பாட்டுக்கு நல்லா இருக்குமுங்க" என்பார். அவ்வப்போது உறைமேல் தூசி தட்டிவிட்டுப் போவார். மற்ற ஆசிரியர்களும் அவர் வழியே போனார்கள். நானும் கூட்டம் போட்டேன், சுற்றறிக்கை படித்தேன், கோபப்பட்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள். உறை மட்டும் அசையவில்லை.

ஒருநாள் வட்டாரக் கல்வி அலுவலர் வந்தார். உறையைத் தூக்கிப் பார்த்தார். திரையோடு ஒட்டிவந்த பிளாஸ்டிக் தாளைக்கூட நாங்கள் உரித்திருக்கவில்லை.

"ஏனுங்க டீச்சர், அடிவாரத்துல ஒரு பள்ளிக்கூடத்துக்காரங்க போர்டு வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கறாங்க. திங்கக்கெழம மறுபடி வாரேன். பாடம் நடக்கலீன்னா கழட்டிக் கீழ அனுப்பிருவேன்."

எனக்குச் சுருக்கென்றது. நான் கரும்பலகையில் இதயத்தை வரைந்தால் வெட்டி வைத்த பலாப்பழம் மாதிரி இருக்கும். எங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் ரத்த ஓட்டம் படித்தார்கள். துடிக்கிற இதயத்தைக் காட்டக்கூடிய ஒரு பொருள் மலையேறி வந்தும், எங்கள் பயத்தால் அது திரும்பப் போகிறதே என்று வேதனையாக இருந்தது. பிளாஸ்டிக் தாளை அன்றே உரித்தெறிந்தேன்.

2. பூஜை

வெள்ளிக்கிழமை போர்டில் நானே பாடம் எடுக்கப்போகிறேன் என்று அறிவித்தேன். அதற்குள் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி வெள்ளையம்மா வந்து நின்றார். மிளகும் மரவள்ளியும் பயிர் செய்பவர். அந்த ஊரில் எந்த மெஷினும் அவர் கையால் பொட்டு வாங்காமல் ஓடியதில்லை.

"மோட்டாருக்கே பூஜ போடாம சுட்ச்சுப் போடமாட்டோமுங்க. இத்தாப் பெரிய பெட்டிய எப்படீங்க சும்மா ஓட்டறது?"

நியாயமாகத்தான் பட்டது. தேங்காய், பழம், சாம்பிராணி எல்லாம் வந்தன. வெள்ளையம்மா சந்தனத்தைக் குழைத்துப் போர்டின் நான்கு பக்கச் சட்டத்திலும் வரிசையாகப் பொட்டு வைத்தார். ஒவ்வொரு பொட்டின் மேலும் குங்குமம். கஞ்சத்தனம் அவருக்குத் தெரியாத விஷயம். பிள்ளைகள் கைதட்ட, நான் சுவிட்சைப் போட்டேன்.

இதயம் வந்தது. துடித்தது. நான் தொடப் போவதற்குள் அதன் குறுக்கே போர்டு தானாக ஒரு கோடு கிழித்தது. அப்புறம் இன்னொன்று. படம் பெரிதானது, சுருங்கியது, காணாமல் போனது. யாருடைய விரலும் அதன்மேல் இல்லை.

பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஓடிவந்து இரண்டு கையாலும் கோட்டைப் பிடிக்கப் பார்த்தார்கள். இந்தப் பக்கம் தட்டினால் அது அந்தப் பக்கம் ஓடியது. வெள்ளையம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். சண்முகம் சார் நெற்றியைத் துடைத்தபடி, "நான் அப்பவே சொன்னனுங்களே" என்றார்.

சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் மைதானத்து ஓரத்துப் பாறை. அதில் ஏறி நின்று இன்ஜினியர் தம்பிக்குப் போன் போட்டேன்.

"ஃப்ரேம்ல ஏதாச்சும் ஒட்டியிருக்குதா மேடம்?"

"சந்தனம், குங்குமம்."



"எந்த எடத்துல மேடம்?"

"நாலு பக்கமும்."

"மேடம், விரல் எங்க இருக்குதுன்னு பாக்கற சென்சாரெல்லாம் அந்த ஃப்ரேம்லதான் இருக்குது. ஒவ்வொரு பொட்டையும் அது ஒரு விரல்னு நெனச்சுக்குது. தொடச்சுட்டாச் சரியாயிரும்."

ஒரு துணி இருந்தால் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு பாறையிலிருந்து இறங்கினேன்.

3. துடைப்பது யார்

பூஜை போட்டு வைத்த பொட்டை, அதுவும் வெள்ளிக்கிழமையில், அழிக்க ஒருவரும் முன்வரவில்லை. தமிழ் டீச்சருக்குத் திடீரென்று சத்துணவுக் கூடத்தில் வேலை வந்துவிட்டது. "ஊட்டுல தெரிஞ்சா எனக்குச் சோறு கெடைக்காதுங்க" என்றார் சண்முகம் சார். சரி, நானே செய்கிறேன் என்று துணியை எடுத்தேன். சட்டம் வரை போன கை நின்றுவிட்டது.

மிளகு பறிப்புக் காலத்தில் வகுப்புக்கு வராத பிள்ளைகளை வீடு வீடாகப் போய் அழைத்து வருபவர் வெள்ளையம்மாதான். அவர் வைத்த பொட்டை அவர் கண் முன்னால் நான் அழித்தால், போர்டு எங்களிடம் இருக்கும், அவர் எங்களோடு இருக்கமாட்டார். துணியைக் கீழே வைத்துவிட்டு அவரிடமே போனேன்.

"உங்க பொட்டு ஒவ்வொண்ணும் போர்டத் தொட்டுக்கிட்டே இருக்குதுங்க. புள்ளைங்க தொடறதுக்கு எடமில்லீங்க" என்றேன்.

அவர் போர்டையும் பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அழிக்கத்தான் கூடாதுங்க டீச்சர். எடம் மாத்தி வெக்கலாமில்லீங்களா?"

முந்தானையை நனைத்துக்கொண்டு வந்து, ஒவ்வொரு பொட்டாகத் துடைத்தெடுத்தார். ஒவ்வொன்றுக்கும் ஈடாகக் கீழே இருந்த யு.பி.எஸ். பெட்டிக்குப் புதிதாக ஒரு பொட்டு. காற்று போகும் ஓட்டைகளை மட்டும் விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினேன். பெட்டி கல்யாணப் பெண் மாதிரி ஆகிவிட்டது. போர்டில் இதயம் ஒழுங்காகத் துடித்தது.

எல்லாவற்றையும் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்த சண்முகம் சார் மெதுவாகக் கேட்டார்: "சந்தனம் அப்பி, புள்ளைங்க அந்த அடி அடிச்சு, ஈரத் துணியில தேச்சும் ஒண்ணும் ஆவலீங்களே?"

இதுதான் சமயம் என்று பிடித்துக்கொண்டேன். "தொடுங்க சார். ஒடஞ்சா பதில் சொல்றது நான். இத்தன பேரு முன்னாடி சொல்றேன்."

ஒரே ஒரு விரலை நீட்டினார். வட்டம் வரைந்தார். அதைப் பாதியாக்கினார், பாதியைக் காலாக்கினார். துண்டுகளை விரலால் நகர்த்திப் பக்கத்தில் வைக்க முடியும் என்று தெரிந்ததும் மனிதர் சின்னப் பிள்ளையாகிவிட்டார். "சார், நாங்களும் நாங்களும்" என்று பிள்ளைகள் சட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் நகர்ந்தார்.

திங்கட்கிழமை அலுவலர் வந்தபோது பின்னம் நடந்துகொண்டிருந்தது. சண்முகம் சார் அவரைக் கவனிக்கவே இல்லை. அலுவலர் போர்டை உற்றுப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னங்க டீச்சர், போர்டு பூரா கைரேகையா இருக்குது. தொடச்சு வெக்கக் கூடாதுங்களா?"

என் பணிக்காலத்தில் எந்தப் பாராட்டும் எனக்கு இவ்வளவு இனித்ததில்லை. "தொடச்சுர்றோமுங்க" என்றேன். கழற்றும் பேச்சை அவர் எடுக்கவில்லை.

ஓய்வுபெற்ற பிறகும் புதிய தலைமையாசிரியர்கள் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. எந்தச் சாதனம் வந்தாலும், உடைந்தால் யார் பதில் சொல்வது என்பதை முதல் நாளே எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள், அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான் என்பேன். பயிற்சியெல்லாம் அப்புறம். எங்காவது போர்டு பளபளவென்று இருந்தால், இதை யாருமே தொடுவதில்லையா என்று கேட்டுவிடுகிறேன்.

அந்த உறை இப்போது சத்துணவுக் கூடத்தில் அரிசி மூட்டைக்கு மேல் கிடக்கிறது. ஆயுத பூஜைக்கு வெள்ளையம்மா சந்தனக் கிண்ணத்தோடு வருவது மட்டும் நிற்கவில்லை. அவர் வகுப்புக்குள் நுழைந்ததும் சண்முகம் சார் போர்டுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டு, கண்ணாலேயே யு.பி.எஸ். பெட்டியைக் காட்டுகிறாராம்.