தாயைக் கேட்காமல் கொடுத்த சொட்டு மருந்து

பூண்டுலோயாவுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நான் பிள்ளை மடுவத்து ஆயாவாக இருந்தேன். கொழுந்தெடுக்கும் பெண்கள் காலையில் கைப்பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டு மலைக்குப் போவார்கள். பத்து மணிக்கும் மதியத்துக்கும் இறங்கி வந்து பால் கொடுப்பார்கள். மழைக்காலத்தில் அவர்கள் வந்து உட்கார்ந்தால் மடுவம் முழுக்க நனைந்த கம்பளி வாடை அடிக்கும். காலில் அட்டை கடித்த இடத்தில் இரத்தம் வழிய வழியப் பிள்ளைக்கு மார் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் இளம்பிள்ளை வாதம் வந்தது. முதலில் அது கடைவீதியிலிருந்து வந்த பேச்சாகத்தான் இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் வருமாம், இரண்டு மூன்று நாளில் விட்டுவிடுமாம், பிறகு எழுந்து நிற்கச் சொன்னால் கால் நிற்காதாம். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பிள்ளைக்கு அப்படி ஆனதும் பேச்சு பயமாக மாறியது. வேப்பிலை கிடைக்காத அந்தக் குளிர் மலையில் எங்கிருந்தோ கொண்டுவந்து நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வாசல்களில் செருகினார்கள்.

ஒருநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்க எல்லோரும் கூடி நின்றபோது, தோட்டத்து மருந்துக்காரர் வந்து பேசினார். அவரை நாங்கள் டாக்டர் ஐயா என்றுதான் சொல்வோம். "புள்ளைகளுக்கு வாயில சொட்டு மருந்து ஊத்தப் போறாங்க. ஊசி இல்ல, யாரும் பயப்படாதீங்க. ஒரு தடவையோட முடியாது, மூணு தடவ ஊத்தணும். அடுத்த வருசம் இன்னொரு தடவ. ஞாயித்துக்கெழம வச்சிக்கிறோம், தாய்மாருங்க எல்லாம் புள்ளைய தூக்கிட்டு வாங்க" என்றார்.

எங்கள் லயத்தில் என் ஒற்றை அறைக் காம்பராவுக்கு அடுத்த காம்பராவில் ஒரு பெண் இருந்தாள். என்னைவிட ஐந்தாறு வயது இளையவள். என்னை அக்கா என்பாள். அடுப்புக்கு நெருப்பு அவளிடமிருந்து எனக்கு வரும், என்னிடமிருந்து அவளுக்குப் போகும். அவளுடைய மூத்த பிள்ளை, ஆண் குழந்தை, அம்மை குத்திய மறு வாரம் காய்ச்சல் கண்டு இறந்துபோயிற்று. நெஞ்சில் சளி கட்டித்தான் போனது என்று டாக்டர் ஐயா சொன்னார். அவள் நம்பவில்லை. குத்திய கை வீங்கியிருந்ததை அவள் பார்த்திருந்தாள், நானும் பார்த்திருந்தேன். அந்தப் பிள்ளையைக் குளிப்பாட்டித் துணி சுற்றிக் கொடுத்தது நான்தான்.

பெரட்டு முடிந்து மடுவத்துக்கு வந்தவள், இரண்டாவது பிள்ளையை, ஒன்றரை வயதுப் பெண் குழந்தையை, என் கையில் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"அக்கா, எம்புள்ளைக்கு அந்த மருந்து வேணாம்."

"ஊசி இல்லைன்னுதானே சொன்னாங்க, தங்கச்சி."

"எதுவா இருந்தாலும் வேணாம். ஞாயித்துக்கெழம நான் வரமாட்டேன். நான் இல்லாதப்ப யாராச்சும் வந்து கேட்டாலும் நீங்க குடுக்கக் கூடாது. எனக்குச் சொல்லுங்க."

"சரி புள்ள, குடுக்கமாட்டேன்" என்றேன். ஏதோ சமாதானத்துக்குச் சொன்ன வார்த்தை இல்லை அது. அவள் தலைப்பிள்ளையைத் தூக்கிய கையால் சத்தியம் செய்வது போலத்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னாலேயே வேன் வந்துவிட்டது. நல்ல மழை. போக வேண்டிய தோட்டத்துப் பாதையில் மண் சரிந்து கிடந்ததால் திரும்பி எங்கள் பக்கம் வந்துவிட்டார்கள். மருந்தை ஐஸ் போட்ட பெட்டியில் வைத்திருந்தார்கள். ஐஸ் கரைந்தால் மருந்து கெட்டுவிடும் என்று டாக்டர் ஐயா ஓடி வந்தார். தாய்மார் எல்லோரும் மேல்மலைத் தொங்கலில், மலையின் அந்தக் கடைசியில், இருந்தார்கள். ஆள் அனுப்பினாலும் இறங்கி வர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும்.

டவுனிலிருந்து வரும் நர்ஸை மிஸ்ஸி என்போம். அன்று வந்தவள் சிங்களப் பெண். கோபக்காரி என்று சொல்ல முடியாது, காலையிலிருந்து நனைந்து களைத்துப் போயிருந்தாள். "இக்மனட்ட, இக்மனட்ட" என்று அவசரப்படுத்திக்கொண்டே இருந்தாள். நான் ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கிக் கொடுத்தேன். அவள் கன்னத்தை அழுத்தி வாயைத் திறந்து ஊற்றினாள். அடுத்த காம்பராக்காரியின் பிள்ளை கடைசித் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தூளிக்கு முன்னால் நான் நின்றுகொண்டேன்.

மிஸ்ஸி என் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். "அது? அந்தப் புள்ள?"

"அதோட அம்மா வேணாம்னு..." என்று நான் தொடங்கினேன்.

அவள் டாக்டர் ஐயாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார். "என்ன ஆயா இது? தொரை எல்லாப் புள்ளைக்கும்னு சொல்லியிருக்காரு. ஒன்னு விட்டாலும் நான்தான் பதில் சொல்லணும். அப்புறம் ஒனக்கு இங்க வேலை இருக்குமான்னு எனக்குத் தெரியாது" என்றார். அவர் கெட்டவர் அல்ல. அவருக்கும் பயம்.

நான் பிள்ளையைத் தூளியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அரைத் தூக்கத்தில் அது மருந்தை விழுங்கி, உதட்டை நக்கி, இன்னும் கொஞ்சம் கேட்பது போல வாயைத் திறந்தது. மிஸ்ஸி சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன் என்பது இப்போது நினைத்தாலும் உடம்பைக் கூசச் செய்கிறது.

மதியம் பால் கொடுக்க அதன் தாய் வந்தபோது மற்றப் பெண்கள் சூழ்ந்திருந்தார்கள், பிறகு சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் கொழுந்து நிறுத்துவிட்டு அவள் வந்ததும் சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. "தங்கச்சி, இன்னிக்கி வேன் வந்துருச்சு. ஒம்புள்ளைக்கும் ஊத்திட்டாங்க."

அவள் குனிந்து பிள்ளையின் வாயை முகர்ந்து பார்த்தாள்.

"ஊத்திட்டாங்களா? நீங்கதானே தூக்கிக் குடுத்தீங்க?"

"மிஸ்ஸி கேட்டாங்க, டாக்டர் ஐயாவும்..."

"மிஸ்ஸியா எம்புள்ளைய பெத்தா? ஒங்ககிட்டதானே விட்டுட்டுப் போனேன்!"

இவ்வளவுதான் கேட்டாள். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கால் பிள்ளையை மூடிக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள்.

நான்கைந்து நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. அந்த வாரம் தோட்டத்தில் பாதிப் பிள்ளைகளுக்குச் சளி, இருமல். மருந்து ஊற்றாத பெரிய பிள்ளைகளுக்கும் இருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரிந்தும் என்ன? சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை இருமினால் எனக்குச் சோறு இறங்காது. மூத்தது போலவே இதுவும் போய்விட்டால் நான் எங்கே போய் நிற்பேன்? கொத்தமல்லித் தண்ணீர் வைத்து என் வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பினேன். அது அப்படியே திரும்பி வந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது. பிள்ளை வாசலில் தத்தித் தத்தி நடந்ததைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். வெளியே போய்த் தூக்கத் துணிவு வரவில்லை.

அதன் பிறகு அவள் பிள்ளையை மடுவத்துக்குக் கொண்டுவரவில்லை. மேல் லயத்தில் வேலையிலிருந்து நின்றுவிட்ட ஒரு கிழவியிடம் விட்டுவிட்டுப் போனாள். அந்த அம்மாளுக்குக் கண் சரியாகத் தெரியாது. போய்க் கூப்பிட வேண்டும் என்று தினமும் நினைப்பேன். எந்த முகத்தோடு கூப்பிடுவது? நாள் கடத்திக்கொண்டே இருந்தேன்.

ஒருநாள் மத்தியானம் மேல் லயத்திலிருந்து அலறல் கேட்டது. அவளுடைய பிள்ளை தத்தி நடந்து போய் எரிகிற அடுப்பில் கை வைத்துவிட்டது. நான் மடுவத்தை விட்டு ஓட முடியாது, இருபது பிள்ளைகள் இருந்தன. யாரோ அதைத் தூக்கிக்கொண்டு மருந்து அறைப் பக்கம் ஓடியதை வாசலில் நின்று பார்த்தேன். உள்ளங்கையும் மணிக்கட்டும் வெந்துபோயிருந்தன. நல்ல வேளை, கை முடங்கிப்போகவில்லை, விரல்கள் நன்றாக இருந்தன. ஆனால் மணிக்கட்டில் தோல் சுருங்கிப் பளபளப்பாக ஒரு வடு நின்றுவிட்டது. மருந்து அந்தப் பிள்ளைக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அவள் சொல்லை நான் மீறியதுதான் கெடுதல் செய்தது.

அதே மாதம் கீழ்ப்பிரிவில் ஒரு பையனுக்கு வாதம் வந்தது. வேன் வந்த அன்று அவன் ஊரில் இல்லை, தாயோடு வட்டவளைக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தான். வலது கால் துணி போலத் தொங்கிவிட்டது. அவ்வளவுதான், தோட்டத்தில் காற்று திசை மாறிவிட்டது. மருந்து வேண்டாம் என்றிருந்தவர்கள் அடுத்த தடவை எப்போது என்று கேட்கத் தொடங்கினார்கள். டாக்டர் ஐயா பெரட்டில் எல்லோர் முன்னாலும் என்னைக் காட்டி, "இந்த ஆயா மாதிரி தைரியம் வேணும். தாய் வேணாம்னு சொன்னாலும் புள்ள நல்லா இருக்கணும்னு தூக்கிக் குடுத்துச்சு" என்றார்.

அந்தக் கூட்டத்தில் அவளும் நின்றுகொண்டிருந்தாள். பெண்கள் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவள் கூடையின் கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தாள். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. தைரியமா? வேலை போய்விடுமே என்று நடுங்கிக்கொண்டு கொடுத்தவள் நான். மருந்து நல்லதா கெட்டதா என்று அந்த நேரத்தில் நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அப்போதே அதைச் சொல்லியிருக்கலாம்.

இரண்டாம் தடவை மருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊற்றினார்கள். வெயில் அடித்தது. மருந்து அறை வாசலிலிருந்து கோயில் வரை வரிசை. அந்த வரிசையில் அவளும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். கையில் இன்னும் கட்டு இருந்தது. பிள்ளைகளைப் பிடித்துக் கொடுக்க என்னைத்தான் நிறுத்தியிருந்தார்கள். அவள் முறை வந்தபோது நான் பழக்கத்தில் கையை நீட்டினேன்.

"நீங்க தொடாதீங்க. நானே புடிச்சிக்குவேன்" என்றாள்.

மருந்து வாங்கிக்கொண்டு அவள் திரும்பியபோது நான் பின்னாலேயே போனேன். கோயில் பக்கம் ஆள் இல்லாத இடத்தில் கூப்பிட்டேன்.

"தங்கச்சி, டாக்டர் ஐயா பெரட்டுல சொன்னது பொய். எனக்குத் தைரியமும் இல்ல, ஒன்னும் இல்ல. வேலை போயிருமேன்னு பயந்துதான் குடுத்தேன்."

அவள் நின்றாள். "தெரியும். அன்னிக்கி ஒங்க மொகத்தப் பாத்தப்பவே தெரியும்."

"புள்ள கை வெந்ததுக்கும் நான்தான் காரணம்."

"அதுக்கு நான் காரணம். கண்ணு தெரியாத மனுசிகிட்ட விட்டுட்டுப் போனது நான்தானே." பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "மருந்து நல்லதுன்னு இப்ப எல்லாரும் சொல்றாங்க. இருக்கட்டும். எனக்கு அது இல்ல. ஒரு ஆளு அனுப்பியிருந்தா நான் மலையிலேர்ந்து ஓடியாந்திருப்பேனே. வேணும்னா வேணும்பேன், வேணாம்னா திட்டு வாங்கியிருப்பேன். எம்புள்ளைக்காக நான் வாங்கியிருக்க வேண்டிய திட்டு அது. நீங்க அதையும் எனக்கு விடல."

அவள் கோயிலைச் சுற்றிக்கொண்டு லயத்துக்கு இறங்கிப் போனாள்.

மூன்றாம் தடவை முடிந்த பிறகு பிள்ளையை மறுபடி மடுவத்துக்குக் கொண்டுவந்தாள். வேறு வழியும் அவளுக்கு இல்லை. காலையில் என் கையில் கொடுப்பாள், சாப்பாடு பற்றி, பேதி பற்றி என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொல்வாள். ஆனால் அக்கா என்று அவள் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. மற்றவர்களைப் போல அவளும் ஆயா என்றாள். தோட்டத்தில் எல்லோரும் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள், யாருக்கும் அதில் ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. அடுப்பு நெருப்புக்கு அவள் மறு பக்கத்துக் காம்பராவுக்குப் போகத் தொடங்கினாள்.

அடுத்த வருடம் மேலும் ஒரு தடவை கொடுக்க வேன் வந்தது. அதுவும் வேலை நாள்தான், மிஸ்ஸி வேறு ஒருத்தி. இந்தத் தடவை நான் மடுவத்துக் கதவிலேயே நின்று, தாய்மாருக்கு ஆள் அனுப்பிவிட்டேன், அவர்கள் வராமல் யாரையும் தூக்கிக் கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மிஸ்ஸி கத்தினாள். டாக்டர் ஐயா தலையில் அடித்துக்கொண்டார். மலையிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக மூச்சு வாங்க இறங்கி வந்தார்கள். என் அடுத்த காம்பராக்காரிதான் முதலில் வந்தாள். பிள்ளையை மடியில் வைத்து மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு, தாமதமாகிறதே என்று மற்றப் பெண்களையும் சத்தம் போட்டுக் கூப்பிட்டாள். என் பக்கம் திரும்பாமலே கூடையை மாட்டிக்கொண்டு மறுபடி மலையேறினாள்.

ஒரு தாய் மட்டும் நேரத்துக்கு வரவில்லை. எட்டாத தூரத்தில் வேறு மலையில் இருந்தாள். அவள் ஓடி வந்து சேர்ந்தபோது வேன் வளைவு தாண்டிப் போய்விட்டது. எட்டு மாதப் பையன் அது. அவள் என்னைக் குறை சொல்லவில்லை, "சரி விடுங்க ஆயா, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றாள். அடுத்த வேன் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

அந்த மழைக்காலம் முழுக்க அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உடம்பு கொஞ்சம் சுட்டால் போதும், தூளியிலிருந்து எடுத்து இரண்டு காலையும் பிடித்து மடக்கி நீட்டிப் பார்ப்பேன். உதைத்தால்தான் கீழே வைப்பேன். மற்றப் பிள்ளைகள் அழுதாலும் அவனிடம்தான் முதலில் போவேன். மாசியில், மழை விட்டுப் பனி விழத் தொடங்கிய பிறகு, அவன் தூளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். நான் பால் கரைத்துக்கொண்டிருந்ததைப் போட்டுவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன்.