கழுவிக் கவிழ்த்த பாத்திரம்

பாறசாலைக்குப் பக்கத்தில், தமிழும் மலையாளமும் ஒரே வீட்டுக்குள் புழங்கும் ஊரில், ஓடு வேய்ந்த சிறிய சபை ஒன்று உண்டு. மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே திருவிருந்து; அப்பத்திலும் திராட்சரசத்திலும் எல்லாரும் பங்குகொள்ளும் பந்தி. அதற்கான திராட்சரசத்தைச் சபையார் கடையில் வாங்குவதில்லை. விதையுள்ள கறுப்பு உலர்திராட்சையை ஊறப்போட்டு, காய்ச்சி, துணியில் பிழிந்து, அதற்கென்றே வைத்திருக்கும் மூடிபோட்ட பாத்திரத்தில் ஊற்றி வைப்பார்கள். சரசம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அது அவளுடைய வேலை. அவள் பிழிந்த ரசத்தில் ஒரு தோல்கூட நாக்கில் படாது.

கணவன் சீக்கிரம் போய்விட்டான். மிஞ்சியது ஆர்ஷா என்ற ஒரே மகள். அவள் பிளஸ் டூ படிக்கும்போது காய்ச்சல் வந்து மெடிக்கல் காலேஜில் கிடந்தாள். சபை முழுவதும் முறைபோட்டு ஜெபித்தது. பிள்ளை எழுந்து வருவாள் என்று சிலர் உறுதியாகவே சொன்னார்கள். பிள்ளை எழுந்து வரவில்லை.

அடக்கம் முடிந்து அடுத்த முதல் ஞாயிறு வந்தது. சரசம்மா சனிக்கிழமையே ரசத்தை எப்போதும்போலத் தயாரித்து வைத்திருந்தாள். ஞாயிறு காலை சபைக்குப் பின்னால் இருக்கும் அடுக்களைக்குப் போய், அதை எடுத்துப் பலாமரத்தின் அடியில் கொட்டினாள். சபையின் செயலாளர் சுவாமிதாஸ் பாத்திரத்தை எடுக்க வந்தபோது வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

“இன்னைக்கு இல்ல அண்ணா. நான் கொட்டிட்டேன். நான் கேட்டதை அவர் தரல. அவருக்கு நான் என்னத்துக்குத் தரணும்?”

ஆராதனைக்கு வந்துகொண்டிருந்தவர்களுக்கு நடுவிலேயே நடந்து வீட்டுக்குப் போனாள்.

அன்றைக்குத் திருவிருந்து நடக்கவில்லை. சுவாமிதாஸின் அப்பா திரவியம் படுக்கையில் கிடந்தவர். அன்று அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். வெறும் வாயோடு திரும்பிப் போனார். அடுத்த முதல் ஞாயிறுக்கு அவர் இருக்கவில்லை.

சரசம்மாவை யாரும் திட்டவில்லை. “பாவம், தலை கலங்கிப் போச்சு” என்று பெண்கள் கஞ்சி கொண்டுவந்து வைத்தார்கள். திரவியத்தின் அடக்கத்துக்கு அவள் போய்ச் சுற்றுச்சுவருக்கு வெளியே நின்றபோதும் சுவாமிதாஸ் அவளிடம், நீ ஒன்றும் நினைக்காதே, உனக்கு அப்போது ஓர்மை இல்லை, சுயபுத்தியோடு செய்யவில்லை என்றுதான் சொன்னார். அவள் எதையும் மறுக்கவில்லை. சபைக்குப் போவதை மட்டும் நிறுத்திக்கொண்டாள்.

பிழைப்புக்கு நகரத்துக் கடைத்தெருவான ஆரியசாலையில் அனந்தபத்மநாபனின் மளிகை மொத்தக் கடையில் சேர்ந்தாள். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாக அங்கே வியாபாரம் செய்யும் குடும்பம். காலை பாசஞ்சர் ரயிலில் போய்த் தம்பானூரில் இறங்கி நடந்து போவாள். மிளகு, மல்லி, கிராம்பு எல்லாம் புடைத்துக் கல் பொறுக்குவாள். உலர்திராட்சை மூட்டைப் பக்கம் மட்டும் போகமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். முதலாளி காரணம் கேட்டார்.

“அதுக்கும் எனக்கும் ஒரு வழக்கு நடக்குது முதலாளி.”

“சரி. தீர்ப்பு வந்தா சொல்லு” என்றார் அவர். அதற்குமேல் கேட்கவில்லை.

பத்து வருஷத்துக்கு மேல் அப்படியே போயிற்று. பிறகு ஒரு மழைக்காலத்தில், யாரும் சொல்லாமலே, திராட்சை மூட்டையை இழுத்துப் போட்டு முன்னால் உட்கார்ந்து காம்பு கிள்ளத் தொடங்கினாள். அனந்தபத்மநாபன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

“என்ன, வழக்கு ஜெயிச்சிட்டியா?”

“இல்ல முதலாளி. வாபஸ் வாங்குகேன்.”

அந்த வாரமே போதகரைப் பார்க்கப் போனாள். வினீத் என்று புதிதாக வந்திருந்த இளைஞர். கனவு ஏதாவது கண்டீர்களா, உடம்புக்கு ஏதாவது வந்ததா என்று பதமாக விசாரித்தார். திரும்பி வருகிறவர்கள் வழக்கமாக அப்படி ஏதாவது சொல்வார்கள்.

“அதொண்ணும் இல்ல அய்யா. அவர் இல்லாம இருந்து பாத்தேன். இருக்க முடியுது. உண்ண, உறங்க, வேலைக்குப் போக ஒண்ணுக்கும் தடையில்ல. ஆனாலும் எனக்கு அவர் வேணும். வேற காரணம் என் கையில இல்ல.”

சபைக் கமிட்டி உடனே சம்மதித்தது. அந்தச் சபையில் ஒரு முறை உண்டு. விலகிப்போனவர் திரும்பவும் திருவிருந்தில் சேரவேண்டுமானால், சபைக்கு முன்னால் நின்று, போதகர் வாக்கியம் வாக்கியமாகச் சொல்லச்சொல்லத் திரும்பச் சொல்லவேண்டும். சரசம்மாவுக்கான வாக்கியங்களைச் சுவாமிதாஸே அமைத்தார். அவற்றை அவள் வீட்டுக்கு வந்து வாசித்தும் காட்டினார். ‘மகளை இழந்த துக்கத்தில் அறிவு கலங்கி, செய்வது இன்னதென்று அறியாமல்’ என்று அதில் ஓர் இடம் வந்தது. அந்த இடத்தில் நிறுத்தி, நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

மற்றதெல்லாம் சொல்கிறேன், அது மட்டும் என் வாயில் வராது என்றாள்.

“உனக்கு நல்லதுக்குத்தான் சரசம்மா. அதைச் சொல்லிட்டா ஒருத்தனும் வாய் திறக்கமாட்டான்.”

“ஓர்மையில்லாம செஞ்சதுக்கு மன்னிப்பு எதுக்கு அண்ணா? மருந்து போதுமே.”

அவர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அதன்பிறகு கமிட்டிக்குள் இழுபறி. வேண்டுமென்றே செய்தாள் என்றால் அது கர்த்தருடைய பந்தியை அவமதித்த காரியம், சாதாரணமாக விடமுடியாது என்றார்கள். அவள் ஒவ்வொரு ஞாயிறும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். முதல் ஞாயிறுகளில் எல்லாரும் எழுந்து முன்னால் போவார்கள். அவள் மட்டும் மடியில் கையை வைத்துக்கொண்டு இருப்பாள். கிண்ணம் ஒவ்வொரு வாயாக நகர்வதை எட்டிப் பார்ப்பாள். அது அவளுக்கு வேண்டியிருந்தது. ஒரே ஒரு வாக்கியம்தானே, சொல்லிவிட்டு வா என்று பெண்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். இனாமாகக் கிடைக்கிறது என்பதற்காகப் பொய் சொல்லி வாங்கமுடியுமா என்று கேட்டாள். பெரிய ராங்கிக்காரி என்று பெயர் வந்தது. வரட்டும் என்று இருந்தாள்.

கிறிஸ்துமஸ் கழிந்து வந்த முதல் ஞாயிறு, போதகர் அவளை முன்னால் கூப்பிட்டார். வாக்கியம் எதுவும் இல்லை, உங்கள் சொந்த வாயால் சொல்லுங்கள் என்றார். அவள் வாயைத் திறப்பதற்குள் கமிட்டிக்காரன் ஷிபு பெஞ்சிலிருந்து எழுந்தான். கிறுக்குப் பிடித்த நேரத்தில் செய்தது என்று ஊருக்கே தெரியும், அதை இப்போது எதற்குக் கிளறவேண்டும் என்றான். சிலர் ஆமாம் என்றார்கள்.

சரசம்மா சுவாமிதாஸைப் பார்த்துத் திரும்பினாள்.

“அண்ணா, அன்னைக்குப் பாத்திரத்தை எடுத்தது நீங்க. அது எப்படி இருந்துது?”

அவர் மடியிலிருந்த வேதபுஸ்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குப் புத்தி கலங்கியிருந்தால் அவர் மன்னிக்கவேண்டியது ஒன்றும் இல்லை. இல்லையென்றால், அப்பா வெறும் வாயோடு போனதற்கு அவர் முன்னால் நிற்பவள்தான் காரணம். இத்தனை வருஷமும் அவர் அந்தக் கேள்வியின் பக்கம் போகாமலே தப்பித்திருந்தார்.

“கழுவியிருந்துது” என்றார் கடைசியில். “கழுவி, திண்டுல கவுத்தி வச்சிருந்துது.”

“புத்தி கெட்டவ சபைச் சொத்துன்னு பாத்திரத்தைக் கழுவி வைப்பாளா?” சரசம்மா சபையைப் பார்த்துச் சொன்னாள். “முழு ஓர்மையோடதான் அவரை வேண்டாம்னேன். என் கோவத்துக்கு உங்க எல்லாருக்கும் உள்ளதைக் கொட்டினேன். திரவியம் அப்பாவுக்குள்ளதையும் கொட்டினேன். அது தப்பு. அதே ஓர்மையோடதான் இப்ப அவர் வேணும்னு வந்து நிக்கேன். மன்னிக்கதுன்னா அந்தச் சரசம்மாவை மன்னியுங்க. யாரோ ஒரு கிறுக்கியை மன்னிச்சு, அதை எனக்குத் தரவேண்டாம்.”

போதகர் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. பந்திக்கு வர மனமிருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றாள். அவள் முழங்காலிட்டபோது பக்கத்து இடம் வெறுமையாகக் கிடந்தது. எழுந்து வரக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாலும், அந்த இடத்தில் வந்து முழங்காலிட்டவர் சுவாமிதாஸ். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. கிண்ணம் அவளிடமிருந்து அவருக்குப் போயிற்று. ரசம் சரியாகப் பிழியப்படவில்லை. ஒரு தோல் அவள் நாக்கில் ஒட்டியது. விழுங்கிவிட்டாள்.

அடுத்த மாதம், முதல் ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, சுவாமிதாஸ் அந்தப் பாத்திரத்தோடு அவள் வாசலில் வந்து நின்றார். ஆரியசாலையிலிருந்து அவள் வாங்கி வந்திருந்த திராட்சை முறத்தில் கிடந்தது. அவர் பாத்திரத்தைக் கொடுத்தார். ஆனால் கையை உடனே எடுக்கவில்லை.

“இனியும் கொட்டிப்போடுவியா?”

“கொட்டலாம் அண்ணா. கை என் கைதானே” என்றாள் சரசம்மா. “கொட்டமாட்டேன்.”

அவர் கையை எடுத்தார். அவள் பாத்திரத்தைக் குழாயடிக்குக் கொண்டுபோய்க் கழுவி, துணியால் துடைத்து நிமிர்த்தி வைத்தாள்.