பரஸ்தானப் பையும் காத்து முனையும்

காலையில் ஆல்ப்ஸ் மலைக்குப் போய்விட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு மாதுங்கா திரும்பியவள் உலகத்திலேயே தான் ஒருத்திதான் என்று ருக்கு சொல்வாள். கேட்பவர்கள் வாயைப் பிளந்தால் ஒரு நிமிஷம் அந்தச் சுகத்தை அனுபவித்துவிட்டு, "சரி, கொஞ்சம் ஏத்திச் சொல்லிட்டேன். மாத்தேரான்தான். மலைன்னா எல்லாம் மலைதானே?" என்று இறங்கி வருவாள்.

ஆல்ப்ஸ் அவள் வீட்டுக்குள் வந்தது காலண்டர் வழியாக. அவள் கணவர் பஞ்சாபகேசன் ஃபோர்ட் பகுதியில் ஒரு சுவிட்சர்லாந்துச் சாயக் கம்பெனியில் டைப்பிஸ்ட். கம்பெனி வருஷாவருஷம் கொடுக்கும் காலண்டரில் மாதத்துக்கு ஒரு மலை. ஆபீஸ் துரை குப்பையில் போடும் சுவிட்சர்லாந்து ரயில் கையேடுகளையும் அவர் விடுவதில்லை. எந்த ஊரில் இறங்கினால் அறை மலிவு, எந்தச் சிகரத்தைப் பிளாட்பாரத்தில் நின்றே ஓசியில் பார்க்கலாம், எந்த மலை ரயிலில் ஏறுவதற்கு மட்டும் டிக்கெட் எடுத்துக்கொண்டு நடந்தே இறங்கலாம் என்று பென்சிலால் குறித்துக் குறித்து நோட்டுப் புத்தகம் நான்கு ஆகிவிட்டது. மாதுங்காவிலிருந்து அவர் நேரில் போன அதிகபட்ச தூரம், ரயிலில் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும் டோம்பிவிலி, ஒரு கல்யாணத்துக்கு.

ருக்குவின் சமையலறை ஜன்னல் பதினோரு வருஷமாக எதிர்க் கட்டடத்தின் சாக்கடைக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாற்பத்தெட்டு டிசம்பரில் பஞ்சாபகேசனுக்கு அகமதாபாத் ஆபீசுக்கு மாற்றலாயிற்று. அங்கே பஞ்சுப் பொதியை விட உயரமாக எதுவும் கிடையாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ருக்கு ஆணியிலிருந்து காலண்டரைக் கழற்றி அவர் காப்பிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதுல ஒண்ணை எனக்கு நேர்ல காட்டுங்கோ. அப்புறம் எந்தப் பாலைவனத்துக்கு வேணாலும் வரேன்."

பஞ்சாபகேசன் ஐந்தாவது நோட்டுப் புத்தகம் திறந்தார். தாதரிலிருந்து நேரல் வரை மூன்றாம் வகுப்பு, அங்கிருந்து பொம்மை மாதிரி ஒரு சின்ன மலை ரயில், மேலே மாத்தேரான். ஞாயிறென்றால் கூட்டம், விலையும் கூட. அதனால் லீவு கிடைத்த திங்கட்கிழமை. எல்லாம் சரி, திங்களன்று ஏழரையிலிருந்து ஒன்பது ராகுகாலம். ரயிலோ எட்டேகாலுக்கு.

இதற்கெல்லாம் மாதுங்காவில் வழி உண்டு. பரஸ்தானம். நல்ல நேரத்திலேயே பையைக் கொண்டுபோய் இன்னொருவர் வீட்டில் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. ஆள் பின்னால் எப்போது புறப்பட்டாலும் ராகு ஒன்றும் சொல்லமாட்டார். ஏழு மணிக்கே புளியோதரை, தண்ணீர்க் கூஜா, பணப்பை எல்லாம் அடங்கிய பை கீழ் வீட்டுப் பார்வதியம்மாளிடம் போயிற்று. திங்களன்று கிழக்கே சூலம் என்பதால் ஆளுக்கு ஒரு கரண்டி தயிரும் உள்ளே போயிற்று. அப்புறம் ஓட்டமும் நடையுமாகப் போய் ரயிலைப் பிடித்தார்கள். சட்டைப் பையில் இருந்த சில்லறை நேரலுக்குப் போக வரச் சரியாக இருந்தது.

நேரலில் மலை ரயில் டிக்கெட் ஜன்னலுக்கு முன்னால் பஞ்சாபகேசன் கையை நீட்டினார். "பையைக் கொடு."

"எந்தப் பை? நீங்கன்னா எடுத்துண்டேள்?"

"நான் எடுக்கலையே. நீ எடுத்திருப்பேன்னு..."

இருவரும் ஒரே சமயத்தில் பார்வதியம்மாளை நினைத்தார்கள். "பரஸ்தானம் வெச்ச பை கீழாத்துலயே இருக்கு!" என்றாள் ருக்கு. பை ஏழு மணிக்கே பயணம் கிளம்பி, கீழ் வீட்டோடு நின்றுவிட்டது.

"போனாப் போறது, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றார் பஞ்சாபகேசன்.

"ஏன்னா, எந்த அடுத்த தடவை? பத்து நாள்ல அகமதாபாத்." ருக்கு மலைப்பக்கம் திரும்பினாள். மலை எதிரே நின்றது. கீழிருந்து பார்த்தால் அதுவும் ஒரு சுவர்தான்.

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. இரண்டு மண்ணெண்ணெய் டின்களைத் துணியில் கட்டி வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். "பைய ஒரு பக்கம் பயணம் அனுப்பிட்டு நீங்க ஒரு பக்கம் வந்துட்டியளாக்கும்! நானும் இந்த டேசன்ல எத்தனையோ பேரப் பாத்துட்டேன், சாமி."

அவள் பெயர் பேராச்சி. தாராவிக்காரி. புருஷன் தோல் கிடங்கில் வேலை பார்த்துச் செத்துப் போனபின் முறுக்குச் சுட்டு, வாரம் இரண்டு நாள் மாத்தேரானுக்குச் சுமந்து போய் விற்கிறவள்.

"மல ரயிலுக்கு நா என்னைக்குக் காசு குடுத்தேன்? தண்டவாளத்த விட்டுக் குறுக்க ஏறுனா ஏழு மைலு. மூணு மணி நேரம். மேல காத்து முனைன்னு ஒண்ணு இருக்கு. அங்கன நின்னா ஒலகமே தெரியும்னு சொல்லுவாவ. வாறியளா?"

பஞ்சாபகேசன் கையேட்டில் தேடுகிறவர்போல் வானத்தைப் பார்த்தார். ருக்கு புடவையை இழுத்துச் செருகிவிட்டாள்.

நான்காவது மைலில் காலைத் தயிரின் தெம்பு தீர்ந்துபோயிற்று. ருக்குவுக்குக் கண் இருட்டியது. வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவள் அவள். பேராச்சி பாறையில் டின்னை இறக்கி, மூடியைத் திறந்து வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பொறவு காசு குடுத்தியன்னா அது கடைப் பண்டம். குடுக்கலன்னா நா குடுத்தது. ஒங்களுக்கு எது சௌரியமோ அப்படி வச்சுக்கிடுங்க."

பஞ்சாபகேசன் ருக்குவைப் பார்த்தார். கடைப் பண்டம் என்றால் எண்ணெயில் பொரித்ததற்குத் தோஷமில்லை என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

"நீ கொடுத்ததாவே இருக்கட்டும்" என்றாள் ருக்கு. ஐந்து முறுக்குத் தின்றாள். பேராச்சியின் செம்பிலிருந்து தண்ணீரும் குடித்தாள். அண்ணாந்துகூடக் குடிக்கவில்லை.

காத்து முனையில் மரங்கள் முடிந்தன; தரையும் முடிந்தது. விளிம்புக்குப் பத்தடி முன்னால் ருக்குவின் கால்கள் நின்றுவிட்டன. காற்று புடவையைப் பிடுங்கியது. "எனக்குப் போறும். இங்கேர்ந்தே பாத்துட்டேன்."

"என்னத்தப் பாத்திய? கண்ண மூடிக்கிட்டுல்லா நிக்கிய!" பேராச்சி டின்களை வைத்துவிட்டு வந்து ருக்குவின் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் சதையில் பதியும்படியான பிடி. "வாங்க, ரெண்டு எட்டு."

இரண்டு எட்டு, நான்கு எட்டு. ருக்கு கண்ணைத் திறந்தாள்.

மடிப்பு மடிப்பாக மலை. ஒன்றின் தோளில் ஒன்று, தூரம் போகப் போக நீலம் வெளுத்து, கடைசி மலை வானமா மலையா என்று தெரியாமல். கீழே நேரல் ரயில் எறும்பு ஊர்வதுபோல. பஞ்சாபகேசன் பின்னாலிருந்து இது இத்தனை அடி, அது அத்தனை அடி என்று ஆரம்பித்தார்.

"சாமி, செத்த சும்மா இரியும். அவுக பாக்கட்டும்" என்றாள் பேராச்சி.

ருக்கு பார்த்தாள். போதும் என்கிற வரைக்கும் பார்த்தாள். யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல், கும்பிடுகிற இடத்தில் நிற்பதுபோலக் கையைக் குவிக்கப் போனாள். ஒரு கைதான் வந்தது, இன்னொன்று பேராச்சியிடம் இருந்தது.

முறுக்கு விற்கிற வரை காத்திருந்து, மூவரும் சேர்ந்தே இறங்கினார்கள். "எங்காத்துல சாப்டாம நீ தாராவிக்குப் போகப்படாது" என்று ருக்கு அவளை மாதுங்காவிலேயே இறக்கிவிட்டாள்.

பார்வதியம்மாள் பையோடு வாசலில் நின்றாள். "எங்கேடி தொலைஞ்சேள்? பையை எடுத்துக்க வருவேள்னு மத்தியானம் வரைக்கும் கதவைத் தாழ்ப்பாள் போடலை!"

ருக்கு மூன்று இலை போட்டாள், பக்கம் பக்கமாக. பார்வதியம்மாளின் புருவம் ஏறியதைப் பார்த்து நான்காவதும் ஒன்று போட்டாள். புளியோதரையைப் பரிமாறிக்கொண்டே கதையை ஆரம்பித்தாள். வழியில் புலி உறுமிற்று. பள்ளம் பத்தாயிரம் அடி. "நான் பயத்துல வெலவெலத்துப் போயிட்டேன், மாமி. பேராச்சிக்கு அதெல்லாம் தண்ணி பட்ட பாடு. தினம் நிக்கற எடம். என் கையை இப்படிப் பிடிச்சு, தைரியமா அழைச்சுண்டு போனா."

பேராச்சி கை உருண்டையை இலையில் வைத்தாள்.

"புலிய விடுங்க, அது கெடக்கட்டும். இது மட்டும் தப்பாச் சொல்லுதிய, அம்மா. ஒம்பது வருசமா நா மேல சவாரிக் குதிர நிக்க எடத்துலயே வித்துட்டு எறங்கிருவேன். அந்த வெளிம்புக்கு ஒரு நாளும் போனதில்ல. பயத்துல கையப் பிடிச்சது நாந்தாம்."