ஐஸ் வாங்கப் போகிற நேரம்

எலுமிச்சையைத் தொடையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார் எலாதியோ. கத்தி படுவதற்கு முன் ஒவ்வொரு பழத்தையும் உள்ளங்கையால் அழுத்தி, முழங்காலிலிருந்து இடுப்புவரை கால்சட்டைத் துணிமேல் ஓட்டியெடுப்பார். அப்போதுதான் சாறு இளகிக் கொடுக்கும் என்பது அவர் கட்சி. மேசைமேல் உருட்டினால் ஆகாதா என்று கேட்டால், "மேசைக்கு உயிர் இருக்கா? கால்ல ரத்தம் ஓடுதுப்பா" என்பார். சாயங்காலத்துக்குள் கால்சட்டை முழுக்க எலுமிச்சை வாசம் ஏறிவிடும். அதைத் துவைத்துப் போட ஆள் இருந்தவரை அவர் அதைப்பற்றிக் கவலைப்பட்டதில்லை.

தோல் சீவுவது அடுத்த கட்டம். மஞ்சள் மட்டும் வர வேண்டும், வெள்ளை ஒட்டக் கூடாது. சீவிய சுருளை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். துளி வெள்ளை தெரிந்தாலும் முகம் சுளித்து, "இது தொட்டிக்குள்ள போச்சுன்னா தெருவே மூஞ்சியத் தூக்கி வச்சிக்கும்" என்று முற்றத்து மூலையில் எறிவார். பிறகு சாறு, கூட்டுறவு ஆலையிலிருந்து கேனில் வரும் வெள்ளை ஒயின், கிணற்றுத் தண்ணீர், ஒரு துண்டு பட்டை. எல்லாம் பச்சை மெருகு பூசிய அகன்ற மண்தொட்டிக்குள் இறங்கும். தொட்டியை ஈரத்துணியால் மூடி நிழலில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே காவல் உட்கார்ந்துகொள்வார்.

பிழைப்புக்கு அவர் செய்தது ஜன்னல் ஷட்டர் பழுதுபார்ப்பது. ஆகஸ்டு மாத வெயிலில் லா மான்சா வட்டாரத்து ஊர்களில் மனிதர்கள் ஷட்டரை இறக்கிவிட்டு அதற்குப் பின்னால்தான் உயிர்வாழ்கிறார்கள். ஆகவே எலாதியோ எட்டிப் பார்க்காத படுக்கையறை அந்த ஊரில் இல்லை. பார்த்ததை வெளியே சொன்னதும் இல்லை. எந்த வெயிலிலும் வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கழற்ற மாட்டார். தெருநாய்களிடம் "வாங்க, என்ன இந்தப் பக்கம்?" என்று மரியாதையாகப் பேசுவார். மனிதர்களுக்கு அந்த மரியாதை கிடைக்காது. பாதிரியாரையே "ஏம்ப்பா" என்றுதான் கூப்பிடுவார்.

அவருக்கு இருந்த ஒரே கர்வம் லிமொனா. மாதா விண்ணேற்றத் திருநாளுக்கு முந்தின மாலை சான் ரோக்கே தெருக்காரர்கள் நாற்காலிகளை வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரே தொட்டியிலிருந்து குடிக்கிற பானம் அது. தொட்டி எலாதியோ வீட்டுடையது, கை எலாதியோவுடையது. அடுத்த தெருவில் போடுவதை அவர் ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை. "அங்க மூட்டை மூட்டையாச் சர்க்கரை கொட்றானுங்க. சர்க்கரை எதுக்குத் தெரியுமா? கை வராதவன் தப்ப மறைக்கறதுக்கு. நான் ரெண்டு பிடி போடுவேன். இனிப்பு எலுமிச்சைக்குள்ளயே இருக்கு. அதை வெளிய வரவைக்கத் தெரியணும்." இதைச் சொல்லும்போது இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவார். கேட்பவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வேறெங்கோ பார்ப்பார்கள்.

வேறெங்கோ பார்த்ததற்குக் காரணம் இருந்தது. அந்திசாயும் நேரத்தில், தொட்டியைத் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு வந்து வைத்ததும், எலாதியோ வாளியை எடுத்துக்கொண்டு சதுக்கத்து மதுக்கடைக்கு ஐஸ் வாங்கப் போவார். வேறு யாரையும் அனுப்ப மாட்டார், தூள் ஐஸைத் தலையில் கட்டிவிடுவார்களாம். அவர் மூலை திரும்பியதும் மனைவி அசுன் ஏப்ரனுக்குள்ளிருந்து சர்க்கரைப் பொட்டலங்களை எடுப்பாள். அவசரமில்லாமல் கொட்டி, அகப்பையால் அடிவரை கலக்கி, விளிம்பைத் துடைத்து, காலிப் பொட்டலங்களை மடித்து மறுபடி ஏப்ரனுக்குள் செருகிக்கொண்டு தன் குட்டை நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்வாள். தெருவே பார்க்கும். யாரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுகூட அரை நாளில் ஊர் சுற்றிவரும் அந்தத் தெருவில், இந்த ஒன்று மட்டும் எலாதியோ காதுக்குப் போகவே இல்லை. லிமொனா போட்டவர் கடைசியில்தான் குடிக்க வேண்டும், அதற்கு முன் விரல் நுனியால்கூடத் தொட்டு நக்கக் கூடாது என்பது வழக்கம். அது அசுனுக்கு நல்ல வசதியாகப் போயிற்று.

பக்கத்து வீட்டுத் தையல்காரி ஃபெர்மினாவுக்குத்தான் இதெல்லாம் மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். பொட்டலங்களை முந்தின நாளே வாங்கித் தன் துணி அலமாரியில் ஒளித்து வைத்துக் கொடுப்பவள் அவள். "ஏன்டி, அவன்கிட்ட ஒருதரம் சொல்லித் தொலைச்சா என்ன?" என்று ஒரு கோடையில் கேட்டுப் பார்த்தாள். அசுன் வாய்விட்டுச் சிரித்தாள். "வருஷம் முழுக்க அடுத்தவன் ஜன்னல்ல தொங்குற மனுஷன்டி. ஒரு நாள் ராஜாவா இருந்துட்டுப் போகட்டுமே."

இந்த வருஷப் பனிக்காலம் முடிவதற்குள் அசுன் போய்ச் சேர்ந்துவிட்டாள். மருத்துவமனையில், பேச்சே பாரமாகிவிட்ட நாட்களில், தலையணையிலிருந்து கொஞ்சம் நகர்ந்து ஃபெர்மினாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ஆகஸ்டுல அவனை ஐஸ் வாங்க அனுப்பிடு. மத்தது உனக்குத் தெரியும்." ஃபெர்மினா சரி என்றாள். சரி என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்று பிற்பாடு அவளுக்கே தன்மேல் கோபம் வந்தது.

இந்த வருஷம் லிமொனா இருக்காது என்றே தெரு நினைத்தது. துக்க வீட்டில் போய் எப்படிக் கேட்பது? ஆனால் திருநாளுக்கு முந்தின நாள் காலையில் எலாதியோ வீட்டு முற்றத்தில் வாளி நிறைய எலுமிச்சை மிதந்தது. சுவருக்கு மேலிருந்து ஃபெர்மினா எட்டிப் பார்த்தாள்.

"போடப் போறியா?"

"நாளைக்கு அவ பேர் நாளு. போடாம?" நிமிர்ந்து பார்க்காமல் பழத்தை உருட்டிக்கொண்டே இருந்தார். அசுன் என்ற பெயரே மாதா விண்ணேற்றத் திருநாளின் பெயரைச் சுருக்கியதுதான். ஃபெர்மினா கடைக்குப் போய்ச் சர்க்கரை வாங்கி வந்தாள்.

சாயங்காலம் எல்லாம் வழக்கம்போலவே நடந்தது. இரண்டு பேர் தொட்டியைத் தூக்கிவந்து அக்கேசியா மரத்தடியில் வைத்தார்கள். நாற்காலிகள் வந்தன. அசுனின் குட்டை நாற்காலியையும் எலாதியோவே கொண்டுவந்து அதே இடத்தில் போட்டார். யாரும் அதில் உட்காரவில்லை. ஃபெர்மினா ஏப்ரனுக்குள் பொட்டலங்களைப் பிடித்தபடி, அவர் வாளியைத் தேடுவார் என்று காத்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து மதுக்கடை காஸ்பார் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். வண்டியில் இரண்டு மூட்டை ஐஸ். "மாமா, இந்த வருஷம் நீங்க அலைய வேணாம். நானே கொண்டாந்துட்டேன். கட்டி ஐஸ்தான், பாத்துக்கங்க." நல்ல பையன், மனசில் ஈரம் உள்ளவன். போன வருஷம்தான் இந்தப் பக்கம் கடை எடுத்தவன், அவனுக்கு எதுவும் தெரியாது. அவன் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது ஃபெர்மினாவுக்கு.

எலாதியோ அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். வாளி நிறைய ஐஸை அள்ளித் தொட்டியில் கொட்டினார்.

"எலாதியோ, என் வீட்டுச் சமையலறை ஷட்டர் பாதில சிக்கிக்கிச்சு. ஒரு நிமிஷம் வந்து பாரேன்" என்றாள் ஃபெர்மினா.

"நாளைக்குப் பாத்துக்கலாம்."

"வெயில் உள்ள அடிக்குது மனுஷா."

"பொழுதே சாஞ்சாச்சு. எந்த வெயில்டி உனக்கு மட்டும் அடிக்குது?"

தெரு சிரித்தது. அவர் தொட்டியை விட்டு நகரவில்லை. அகப்பையை எடுத்துக் கலக்கினார், வழக்கப்படி தெருவில் மூத்தவரான ஹசிந்தோவிடம் முதலில் நீட்டினார்.

ஹசிந்தோ குடித்தார். ஒரு கண் தானாகச் சுருங்கியது. விழுங்கினார். மீசையைத் துடைத்தார். "அருமை" என்றார். அடுத்தவர் குடித்தார். "இந்த மாதிரி போட்டதே இல்ல நீ." அதற்கடுத்தவள் கண்ணில் தண்ணீர் முட்டியது, அதைப் புறங்கையால் தள்ளிக்கொண்டே "தேன்!" என்றாள். அகப்பை கை மாறிக் கை மாறிப் போயிற்று. ஒவ்வொருவரும் அந்தப் புளிப்பைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்கள். அவர்களால் அவருக்குச் செய்ய முடிந்தது அவ்வளவுதான். அதை முழு மனசோடு செய்தார்கள்.

ஆனால் அங்கேதான் தப்பு செய்தார்கள். சான் ரோக்கே தெருவில் லிமொனாவை யாரும் புகழ்ந்ததில்லை. அகப்பையை வாயிலிருந்து எடுத்ததும் திட்டுவதுதான் மரியாதை. "கழுதைக்கு வச்சாக்கூட மோந்து பாத்துட்டுப் போயிரும்", "எலாதியோ, இது ஷட்டருக்கு விடுற எண்ணெயா?" என்றெல்லாம் ஏசிவிட்டு இரண்டாம் அகப்பை கேட்பார்கள். எலாதியோ பதிலுக்கு அவர்கள் பரம்பரையையே இழுப்பார். அந்தச் சண்டைதான் திருநாளின் தொடக்கம்.

எலாதியோ எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "என்ன எல்லாரும் புகழறீங்க? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

ஃபெர்மினா தன் முறைக்குக் குடித்தாள். அகப்பை அவரிடம் திரும்பியது. மொண்டு குடித்தார்.

வாயில் வைத்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். விழுங்கிவிட்டுத் தொட்டிக்குள் பார்த்தார். விரல்களை மடக்கிக்கொண்டு முணுமுணுத்தார். "ஒயின் ஊத்தினேன். தண்ணி அளவுதான். பழம் உருட்டினேன், தோல்ல வெள்ளை இல்ல. ரெண்டு பிடி சர்க்கரை. எல்லாம் போட்டேனே…" குரல் இறங்கிவிட்டது. "ஃபெர்மினா, நான் எதை மறந்தேன்?"

பொய் சொல்லிவிட அவளுக்கு ஆசைதான். இந்த வருஷப் பழம் சரியில்லை, ஒயின் சரியில்லை என்று ஏதாவது ஒன்று. ஆனால் அவர் பார்வை அதற்குள் அவள் ஏப்ரனில் புடைத்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போய்விட்டது. அவள் பொட்டலங்களை வெளியே எடுத்தாள்.

"நீ எதையும் மறக்கல. அவ போடுவா."

"எப்போ?"

"நீ ஐஸ் வாங்கப் போறப்போ."

"எந்த வருஷத்துலேர்ந்து?"

"மொத வருஷத்துலேர்ந்தே."

தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் நின்ற காஸ்பார் தரையைப் பார்த்தான். எலாதியோ மெதுவாகத் தெருவைச் சுற்றிப் பார்த்தார். ஹசிந்தோ, தையல்காரி, எதிர்வீட்டு அண்ணன் தம்பிகள், வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்கள். "எல்லாருக்கும் தெரியுமா?"

"எல்லாருக்கும்."

அவருக்கு ஆத்திரம் வரும் என்று ஃபெர்மினா பயந்தாள். இத்தனை கோடை விரித்துக் காட்டிய கைகளை இப்போது எங்கே வைப்பார் என்று பயந்தாள். அவர் கழுத்துப் பொத்தானை மட்டும் தடவிப் பார்த்துக்கொண்டார். "ஒருதரம்கூட…" என்று தொடங்கினார். ஹசிந்தோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

எலாதியோ ஃபெர்மினாவின் கையிலிருந்த பொட்டலங்களை வாங்கிக்கொண்டார். ஒவ்வொன்றின் வாயையும் கத்தியால் கீறித் திறந்தார். கொண்டுபோய் அசுனின் குட்டை நாற்காலிமேல், சாய்ந்து விழாதபடி ஒன்றோடொன்று அண்டக் கொடுத்து வைத்தார். பிறகு மூட்டையில் மீந்திருந்த ஐஸ் முழுவதையும் தூக்கி அக்கேசியாவின் வேரடியில் கொட்டினார். நல்ல கட்டி ஐஸ், மண்ணில் உருண்டது.

"ஐஸ் தீந்துபோச்சு" என்றார். "போய் வாங்கிட்டு வரேன்."

காலி வாளியோடு சதுக்கத்தைப் பார்த்து நடந்தார். மூலைவரை போனார், ஆனால் அதைத் தாண்டித் திரும்பவில்லை. தெருவுக்கு முதுகைக் காட்டியபடி, வாளியைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு, அங்கேயே நின்று காத்துக்கொண்டிருந்தார்.